அபு ரஜபைத் தொடரிலிருந்து எடுக்காதே

முபாரக்கியா கடைவீதி, குவைத்
ரமலான், பத்தாம் நோன்பு

அன்பு மகள் லூல்வாவுக்கு வாப்பா எழுதுவது. இறைவன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே நானும் உம்மாவும் சுகம், நோன்பு நல்லபடியாகப் போகிறது, படியேறும்போது மட்டும் உம்மாவுக்கு முழங்கால் வலி. நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன், எதிர்க்கடை பஹ்மானின் மருமகன் மாண்ட்ரியலுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

நீ அங்கே உட்கார்ந்து எழுதும் கார்ட்டூன் தொடரில் வரும் துணிக்கடை அபு ரஜப் நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாம், கோபமாக இருப்பேனாம், அதனால் அந்த ஆளை அடுத்த வருஷம் எடுத்துவிடப் போகிறாயாம், பெருநாளுக்கும் வரமாட்டாயாம், உம்மா சொன்னாள். தெரியாமல் இருக்குமா, தொப்பையும் என்னுடையது, செருமலும் என்னுடையது. அதுகூடப் போகட்டும். வாங்கலாமா வேண்டாமா என்று ஒருவர் இழுத்தால், நல்ல துணியை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டி, "இது வேற ஆளுக்கு எடுத்து வச்சது" என்று உடனே உள்ளே வைப்பேனே, என் பிழைப்பே அதுதான், அதை நோன்பு திறந்து ஊரே டிவி முன்னால் உட்காரும் நேரத்தில் வளைகுடா முழுக்கக் காட்டிவிட்டாய். மறுநாள் பஹ்மான் வந்து, "என்ன முபாரக்கு, மக உன் கடைக்கு மூடுவிழா வச்சிட்டாளா" என்றான். ஒளிப்பானேன், எனக்கும் அந்தப் பயம்தான்.

அப்புறம் நடந்ததைக் கேள். ஜஹ்ராவிலிருந்து ஒரு பெண் நாலு பையன்களோடு வந்தாள், துணி பார்த்தாள், விலை கேட்டாள், பிறகு, "சரி ஹாஜியாரே, இப்ப அடியிலேர்ந்து அதை எடுங்க, அந்தப் பேச்சையும் பேசுங்க, அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்" என்றாள். அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே, இனி எதுக்கும்மா என்றேன். "தெரிஞ்சாத்தானே சிரிப்பு" என்றாள். சொன்னேன், பையன்களும் கூடவே ஒரே குரலில் சொன்னார்கள். சிரித்து முடித்து நாலு பேருக்கும் அந்தத் துணியையே வெட்டச் சொன்னாள், பேரம்கூடப் பேசவில்லை. அன்றிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் தொடர் ஆரம்பித்தபோது மற்ற கார்ட்டூன்களில் நாய் பூனைகூடப் பள்ளிக்கூட அரபிதான் பேசும், நீ எழுதும் நம் குவைத் வீட்டுப் பேச்சை யார் கேட்பார்கள் என்று கடைவீதியே நினைத்தது. இப்போது எகிப்துக்காரத் தையல்காரர் ஷஹாத்தா நம்மூர்க் கிழவி மாதிரித் திட்டுகிறார், எங்கே படித்தீர் என்றால் உன் தொடரில் வரும் மாமியாரிடம் என்கிறார்.

ஒன்றே ஒன்றில்தான் எனக்கு வருத்தம். அபு ரஜப் துணியை அளக்கும்போது இழுத்துப் பிடிக்கிறான். அது நானில்லை. பேச்சில் ஏமாற்றியிருக்கிறேன், அளவில் ஒரு விரல்கூடக் குறைத்ததில்லை, நீயே பார்த்தவள். அதை மட்டும் திருத்து, ஆளை எடுக்காதே.

அந்தக் குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த வருஷம் அபு ரஜபுக்குப் புதுச் சரக்கு வேண்டியிருக்கும். பழைய வித்தை சந்திக்கு வந்துவிட்டதால் இன்னொன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், பஹ்மானுக்கே தெரியாது. கடிதத்தில் எழுதமாட்டேன். பெருநாளுக்கு வா, நேரில் சொல்கிறேன்.

ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகத் துஆ கேட்கும்
வாப்பா,
முபாரக் பின் கலஃப், துணி வியாபாரம்