பாய்தான் என்று சொன்னேன்

12 ஜூன் 1961, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்திலிருந்து மூன்று லாட்ஜ்காரர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள். புது மெத்தை போகும். அதே வண்டியில் பழைய மெத்தை திரும்பி வரும். பழசு ஈரம் குடித்துப் பூஞ்சை வாடை அடிக்கும். வெயிலில் காயப்போட்டு, கடையாள் பலவேசம் கம்பால் நாலு சாத்து சாத்தினால் பஞ்சு மறுபடி பூத்துக்கொள்ளும். அதில் பாதி, புது இலவம் பஞ்சில் பாதி சேர்த்தால் புது மெத்தை. நான் இதைத் தொழில் என்கிறேன். வாங்குகிறவனுக்குத் தெரிந்தால் வேறு பெயர் வைப்பான்.

கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்னால் கடை, நடுவில் நாங்கள், பின்னால் பஞ்சடிக்கிற முற்றம். இன்று ரசத்தில் பஞ்சு மிதந்தது. "கடை நல்லா நடக்குன்னு அர்த்தம்" என்றேன். மனைவி ஞானபாக்கியம் சிரிக்கவில்லை. மகள் புஷ்பத்துக்கு மறுபடி மூச்சு இழுப்பு. பத்து வயதுப் பிள்ளை. சாரல் வந்தால் அவளுக்கும் வந்துவிடுகிறது.

15 ஜூன்

படுத்தால் மூச்சு முட்டுகிறது, புஷ்பம் உட்கார்ந்தே கண்ணயர்கிறாள். கடையிலிருந்து இன்னும் இரண்டு தலையணை எடுத்து வந்து முதுகுக்கு அண்டக்கொடுத்தேன். இப்போது ஐந்து. தென்காசியில் எந்தப் பிள்ளைக்கு இப்படி வாய்க்கும்?

16 ஆகஸ்ட்

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். புஷ்பத்தின் ஐந்தாம் வகுப்புக்கு இருபத்தைந்து குட்டி மெத்தை கொடுத்தேன். சிமென்ட் தரை ஜில்லென்று இருக்கிறது, பிள்ளைகள் போட்டு உட்காரட்டும். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் 'ஞானதுரை மெத்தைக் கடை'. ஹாஜரா பீவி டீச்சர் நாலு நல்ல வார்த்தை சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

உள்ளே இருப்பது லாட்ஜ் பஞ்சு. பாதிக்குப் பாதி கூட இல்லை, முழுக்கப் பழசு. பலவேசம் அடைக்கும்போதே, "மொதலாளி, இது குப்பையில போடுத சரக்குல்லா?" என்று கேட்டான். "உக்காரத்தானலே போடுதாவ, திங்கவா போறாவ" என்றேன்.

4 அக்டோபர்

காலாண்டு லீவுக்குத் திருவேங்கடத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போன தாயும் மகளும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு நாளில் ஒரு தடவைகூட இழுப்பு இல்லையாம்.

"பாயிலதான் படுத்தா. மாமன் பிள்ளைகளோட ஓடிப்பிடிச்சி விளையாடுதா, மூச்சு வாங்கல" என்றாள் ஞானபாக்கியம்.

"அங்கன சாரல் ஏது? வெறும் கரிசக்காடு" என்றேன்.

5 அக்டோபர்

விடியுமுன்னே இழுப்பு. மாடியில் போய் மேற்கே பார்த்தேன். மலை துடைத்து வைத்ததுபோல் நிற்கிறது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

சாரல் எங்கே, ஞானதுரை?

11 நவம்பர், சனி

பாளையங்கோட்டை டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "என்ன தொழில் பாக்கிறீங்க?" என்றார்.

"வியாபாரம்."

"என்ன வியாபாரம்?"

"ஜவுளி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை. தானாகச் சொல்லவில்லை. கதவு திறந்து கிடந்தது. வெளி பெஞ்சில் தென்காசிக்காரர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் என்னிடம் மெத்தை வாங்கியவர்கள். மெத்தைக் கடைக்காரன் மகளுக்கே மெத்தை ஆகவில்லை என்று ஒருத்தன் வாயில் விழுந்தால் அடுத்த சீசனுக்குக் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும்.

"சில பிள்ளைகளுக்குத் தூசி ஒத்துக்காது. பஞ்சு, கோழி இறகு, பூஞ்சை இதெல்லாம் ஆகாது. வீட்டில் இலவம் பஞ்சு மெத்தை இருக்கா?"

"பாய்தான்" என்றேன்.

பக்கத்து ஸ்டூலில் புஷ்பம். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் ஆலங்குளம் வரைக்கும் ஞானபாக்கியம் மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பொய்யச் சொல்லி மருந்து வாங்கிட்டு வாரோம். அது எப்படிங்க கேக்கும்?" என்றாள். சன்னல் பக்கம் திரும்பியிருந்த பிள்ளை மெல்லக் கேட்டாள்: "நம்ம வீட்ல பாய் இருக்காப்பா?"

20 நவம்பர்

ஹாஜரா பீவி டீச்சர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அந்தக் குட்டி மெத்தைக்குள்ள என்ன பஞ்சு? நூர்நிஷான்னு ஒரு பிள்ளை, நல்லா இருந்தவ, இப்பம் இருமிக்கிட்டே கிடக்கா. நம்ம புஷ்பத்துக்கும் வகுப்புல உக்காந்தா இழுக்கு."

"புதுசு டீச்சர். என் கண்ணு முன்னால அடைச்சது."

பின்பாதி உண்மை. என் கண் முன்னால்தான் அடைத்தார்கள்.

23 நவம்பர்

ஞானபாக்கியம் என்னைக் கேட்காமல் கோரைப்பாய் வாங்கிவந்து மகளைக் கூட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் படுத்துவிட்டாள். மெத்தையில் நான் மட்டும். ஐந்து தலையணையும் என் பக்கத்தில்.

1 டிசம்பர், வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

சாயந்திரம் டீச்சர் மறுபடி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க வருத்தப்படக் கூடாது. நேத்து புஷ்பத்தை ரெண்டு அடி போட்டுட்டேன்."

"என்ன செஞ்சா?"

"மெத்தைய எடுத்துக் கொண்டுபோய் வராந்தால போட்டுட்டா. நூர்நிஷா மெத்தையையும் பிடுங்கிட்டா. ஏன் பிள்ளேன்னா, 'எங்கப்பா பஞ்சு பழசு, அதுலதான் இழுப்பு வருது'ங்கா. அண்ணாச்சி புதுசுன்னு என்கிட்டயே சொல்லியிருக்காவ, பெத்த தகப்பனப் பத்தி இப்படிப் பொய் சொல்லலாமான்னு கையில பிரம்பால போட்டேன். அழல. 'பொய் இல்ல டீச்சர்'ன்னு ஒரே தடவ சொன்னா, அவ்வளவுதான்."

நான் என்ன சொன்னேன்? "பிள்ளைய அடிச்சி வளக்கது நல்லதுதான் டீச்சர்" என்றேன். சொன்னேனே! இந்த வாயால சொன்னேனே! காப்பி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே போனேன். புஷ்பம் வீட்டுப்பாடக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலை விரல் நுனியில் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் இரண்டு வரி. நேற்றிலிருந்து வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா? சொல்லி என்ன ஆகப்போகிறது என்றா? எது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வாசுதேவநல்லூரிலிருந்து பஞ்சு மூட்டையைத் தலையில் வைத்து நடந்து வந்தவன் நான். எவன் காலிலும் விழாமல் முன்னுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறேன். அட பாவி.

3 டிசம்பர், ஞாயிறு

கோயில் ஆராதனையில் பாட்டு வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

4 டிசம்பர்

மணி அடித்ததும் வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். தனியாகச் சொன்னால் பாதியில் மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

"டீச்சர், புஷ்பம் சொன்னது நெசம். பஞ்சு பழசு. லாட்ஜ்ல கழிச்சுப்போட்டது. நான்தான் பொய் சொன்னேன்."

டீச்சர் என்னைத் தாண்டிப் போனார். திட்டியிருந்தால் தேவலை. புஷ்பத்தைக் கூப்பிட்டு, "கையக் காட்டு" என்றார். பிள்ளை மறுபடி அடிக்கத்தான் என்று நினைத்துக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

இருபத்தைந்தையும் கயிற்றில் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தேன். வண்டி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சிவப்பு எழுத்து வெளியே தெரியும்படிதான் கட்டு விழுந்திருந்தது. எதிர்க்கடை முத்துராமலிங்கம், "என்ன ஞானதுரை, பள்ளிக்கூடத்துல சரக்கு வேண்டாமுன்னுட்டாவளோ?" என்று சிரித்தான்.

"நான்தான் வேண்டாமுன்னேன். பழைய பஞ்சு, பிள்ளையளுக்கு இழுப்பு வருது" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். சாயந்திரத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

16 டிசம்பர், சனி

பாளையங்கோட்டை. "ஜவுளி இல்லை டாக்டர், மெத்தைக் கடை" என்று ஆரம்பித்தேன். கதவை நான் சாத்தவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு மாசத்தை வீணாக்கிட்டீங்களே" என்றார். அவ்வளவுதான். அதற்கே காது சுட்டது.

சொன்னவை: பஞ்சு அடிப்பது வீட்டை விட்டுப் போக வேண்டும். பிள்ளை படுக்கிற அறையில் பாயும் துணியும் போதும். துணியை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடை உடுப்போடு நான் பிள்ளையிடம் போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கும்போது அவளைத் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

"சாரல்ல நனையலாமா?" என்று கேட்டாள் புஷ்பம். "தாராளமா" என்றார்.

22 ஜனவரி 1962

பஞ்சடிப்பு இலத்தூர் ரோட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. லாட்ஜ் பழசை இனி வாங்குவதில்லை. முற்றத்தில் ஞானபாக்கியம் கீரை விதைத்திருக்கிறாள். நூர்நிஷாவின் இருமல் நின்றுவிட்டதாம். அவள் உம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

9 மார்ச்

கல்யாணத்துக்கு மெத்தை வாங்க வந்தவர்களிடம், "வீட்ல இழுப்பு உள்ள பிள்ளை உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றார்கள். பிள்ளைக்குப் பாய் போதும் என்றேன். மெத்தையும் வாங்காமல் போய்விட்டார்கள். பலவேசம் தலையில் கை வைத்துக்கொண்டான். "மொதலாளி, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம். கடை எதுக்கு?"

11 ஜூன் 1962, திங்கள்

நேற்றிலிருந்து சாரல். இழுப்பு அடியோடு போகவில்லை. பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. நேற்று மத்தியானம் தாயும் மகளும் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தார்கள். அவளுக்கு அதுதான் முதல் தடவை. காலையில் எழுந்தும் மூச்சு சீராக இருக்கிறது. சீசன் வியாபாரம் போன வருஷத்தில் பாதி இருக்கும்.

சாயந்திரம் கொட்டகையிலிருந்து வந்தபோது புஷ்பம் நடு அறையில் உட்கார்ந்து ஹைஸ்கூல் சேர்க்கைத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். மேலெல்லாம் பஞ்சு, நான் பின்வாசல் படியைத் தாண்டவில்லை.

"யப்பா, தகப்பனார் தொழில்னு போட்டிருக்கு. என்ன எழுத? ஜவுளியா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் எதைச் சொன்னாலும் அதை எழுதியிருப்பாள்.

"மெத்தைக் கடைன்னு எழுது."

எழுதினாள். மை காயட்டும் என்று ஊதினாள். நீளமாக, ஒரே மூச்சில். எனக்குக் காட்டுவதற்குத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அங்கனயே நில்லு. அப்பா இன்னும் குளிக்கல" என்றேன்.