உன் பெயருக்கு அடித்த மணி

உன் கைபேசியின் சார்ஜரை இன்று காலை சுவரிலிருந்து கழற்றி எடுத்தேன். சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே பிளக் பாயிண்டுக்காக நாம் எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறோம்! எனக்குச் சட்னி அரைக்க வேண்டும், உனக்குப் போனில் சார்ஜ் ஏற வேண்டும். "சட்னி காத்திருக்கும் வாத்தியாரே, சர்வர் காத்திருக்காது" என்று சொல்லி என் மிக்ஸி ஒயரை உருவிப் போடுவாய். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. மிக்ஸியைச் செருகலாம். இன்னும் செருகவில்லை. ஒருவனுக்கு என்ன பெரிய சட்னி.

நீ கண்ணை மூடிய மழைக்காலத்திலிருந்து அந்தப் போனை நான் அணையவிட்டதில்லை. பால் காய்ச்சுவதற்கு முன்னால் அதைச் சார்ஜில் போட்டுவிடுவேன். "அம்மா நம்பரை இன்னும் ஏன்பா வெச்சிருக்கீங்க?" என்று கனடாவிலிருந்து மகன் கேட்டான். பேங்க் ஓடிபி அதில்தான் வருகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். பேங்கெல்லாம் இல்லை. அந்த மணிக்காகத்தான்.

உன் மென்பொருளில் எங்காவது கோளாறு என்றால் போனில் அடிக்கும் எச்சரிக்கை மணி அது. மற்றவர்கள் ஆம்புலன்ஸ் மாதிரி அலறும் ஒலியை வைத்திருந்தார்களாம். நீ மட்டும் பள்ளிக்கூட மணி ஒலியைத் தேடிப்பிடித்து வைத்தாய். "இந்த மனுஷன் ரிட்டயர் ஆனப்புறம் பீரியட் மணி இல்லாம ஏங்கிப் போயிடுவாரு" என்று உன் டீமிடம் சொன்னாயாம். நீ குளித்துக்கொண்டிருக்கும்போது அது அடித்தால் உள்ளேயிருந்தே கத்துவாய்: "அந்தப் பச்சை பட்டனை அழுத்துங்க, வந்துட்டேன்!" நான் அழுத்துவேன். மணி நிற்கும். ஈரத்தலையோடு ஓடிவந்து லேப்டாப்பைத் திறப்பாய்.

நீ இல்லாத வீட்டில் அந்த மணி முதல்முறை அடித்தபோது நான் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துபோனேன். பிறகு மெல்லப் புரிந்தது. நீ போனது அதற்குத் தெரியாது. உன்னைத்தான் கூப்பிடுகிறது. நீ சொல்லிக்கொடுத்தபடி பச்சைப் பொத்தானை அழுத்தினேன். நின்றது. அதன் பிறகு அபூர்வமாக, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அடிக்கும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் சின்னச் சின்னக் கோளாறுகள். அப்படித்தானே அதைக் கட்டியிருந்தாய். இந்த வீட்டில் இன்னமும் உன்னைப் பெயர் சொல்லித் தேடும் குரல் அது ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் அந்த நிறுவனத்துக்காக நீ மென்பொருள் கட்டிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், தெருவெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்புகளாக இருக்கும் அமீர்பேட்டுக்குப் போய், உன்னில் பாதி வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து புரோகிராமிங் படித்தவள் நீ. அவர்கள் உன்னை முதலில் ஃபேகல்டி என்று நினைத்து எழுந்து நின்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அங்கிருந்து ஏறி ஏறி, ஒரு நிறுவனத்தின் முழு மென்பொருளுக்கும் வடிவம் வரைந்து கொடுக்கிறவளானாய். படம் போட்டு முடித்ததும் என்னிடம்தான் வருவாய்.

"ஒரு உதாரணம் சொல்லுங்க பார்ப்போம். கிளவுட்னா என்னன்னு முதலாளிக்கு விளங்கணும்."

"அமீர்பேட் ஹாஸ்டல்னு சொல்லு" என்றேன். "அட்மிஷன் சீசன்ல கூட்டம் வந்தா கட்டில் கூட போடறான். பசங்க காலி பண்ணினா எடுத்துடறான். நீ படுத்த கட்டிலுக்கு மட்டும் வாடகை. கட்டடம் உன்னுது இல்ல, அதைப் பத்தின கவலையும் உன்னுது இல்ல."

இன்னொரு நாள், கடைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஆர்டர் வந்து குவிந்தால் எப்படிச் சமாளிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாய். உன்னை லோத்குண்டா முனையில் இருக்கும் டிபன் சென்டருக்கு அழைத்துப் போனேன். கல்லாவில் இருப்பவர் காசை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பார். தோசைக்காரர் தன் வேகத்தில் டோக்கனை வரிசையாக எடுத்து ஊற்றுவார். கூட்டம் அதிகமானால் இன்னொரு கல்லைப் பற்றவைப்பார்கள். கல்லாவும் கல்லும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்பதில்லை. நீ தோசையைப் பிய்த்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாய். "இதைத்தானே நான் அரை நாள் மீட்டிங்ல தொண்டை வத்தச் சொன்னேன்" என்றாய். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாய்: "சரி, இந்தத் தோசைக்காரர் மயக்கம் போட்டு விழுந்தா? கல்லாக்காரர் அது தெரியாம டோக்கன் கிழிச்சுக்கிட்டே இருப்பாரே?"

உன் கேள்வி எப்போதும் அதுதான். இது நின்றால் அடுத்தது எது? இவர் இல்லையென்றால் அடுத்தவர் யார்?

அதற்காகவே 'திடீர் லீவு' என்று ஒரு பழக்கம் வைத்திருந்தாய். மாதத்தில் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் இயந்திரங்களில் ஒன்றை வேண்டுமென்றே அணைப்பாய். அன்றைக்கே டீமில் ஒருவர் போனை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மீதிப் பேர் சமாளிக்க வேண்டும். உன் முறை வரும்போது நாம் இருவரும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஷாமீர்பேட் ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். நான் ஓய்வுபெற்ற பிறகு நம் உல்லாசப் பயணமெல்லாம் அவ்வளவுதான். நீ நடுநடுவே கைப்பையைத் தடவிக்கொண்டே இருப்பாய். "என்ன, அவங்க ஞாபகமா?" என்று சீண்டுவேன். "நான் இல்லாம எல்லாம் ஓடணும்னு வேண்டிக்கிறேன். ஓடிட்டா கொஞ்சம் வருத்தமாவும் இருக்கும். ரெண்டும்தான்" என்றாய். நான் இல்லாமல் ஓட வேண்டும் என்ற உன் சொல்லைத் தண்ணீரைப் பார்த்தபடி நான் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கடைகளெல்லாம் மாதச் சரக்குக்கு ஆர்டர் போடும் நாள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அழுத்தினேன். இட்லித் தட்டை எடுக்கும்போது மறுபடி அடித்தது. அழுத்தினேன். இன்றைக்கு உன்னை ரொம்பத் தேடுகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எத்தனை தடவை அழுத்தினேனோ தெரியாது.

பிற்பகலில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உன் பிரிசில்லா. திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்து, தமிழும் உருதுமாகக் கலந்து பேசும் உன் டீம் பெண். வாசல்படி ஏறும்போதே அவள் முகம் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அங்கிள், மேடம் போன் எங்க?"

"இதோ, சார்ஜ்ல இருக்கும்மா. ஏன்?"

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலையிலேர்ந்து சிஸ்டம் நின்னுபோச்சு அங்கிள். ஆர்டர் வாங்கற பார்ட் நல்லா ஓடுது. ஆர்டர் வந்துடுச்சுன்னு கடைக்கெல்லாம் மெசேஜும் போகுது. ஆனா உள்ள கோடவுனுக்கு ஒண்ணுமே போகல. எங்க யாருக்கும் அலாரம் வரல. கடைக்காரர் ஒருத்தர் போன் பண்ணி, இன்சுலின் கைக்கு வரலன்னு சண்டை போட்டப்புறம்தான் தெரிஞ்சுது. அலாரம் யாருக்குப் போச்சுன்னு பார்த்தா…" போனை நோக்கிக் கையை நீட்டினாள். "மேடம் ஏத்துக்கிட்டாங்கன்னு ஸ்க்ரீன்ல காட்டுது அங்கிள். மேடம் பார்த்துட்டு இருக்காங்கன்னு. உடனே ஆட்டோ பிடிச்சு ஓடி வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பச்சைப் பொத்தான் மணியை நிறுத்தத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். 'இது என் பொறுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம்' என்பதற்கான கையெழுத்து அது. யாரும் அழுத்தாவிட்டால் சில நிமிடங்களில் மணி அடுத்தவருக்குப் போகும். நான் அழுத்த அழுத்த, அடுத்தவருக்குப் போகவே இல்லை. தோசைக்காரர் விழுந்துகிடக்க, கல்லாவில் டோக்கன் கிழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

பள்ளியில் ஒரு பழைய விஷயம் உண்டு. வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை 'பிரசென்ட் சார்' என்று குரல் கொடுக்கும். குரலை வைத்தே பிடித்துவிடுவேன். பிடித்து, பெஞ்சின் மேல் ஏற்றுவேன். உனக்காக நான் கொடுத்துவந்ததும் அந்தக் குரல்தான்.

அந்தக் கடைக்கு இன்சுலின் மறுநாள்தான் போய்ச் சேர்ந்ததாம். அங்கே மருந்து வாங்க வந்தவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டார் என்று பிரிசில்லா விசாரித்துச் சொன்னாள். வேறு கடையே இல்லாத ஊராக இருந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் மேடம் பேர் ஏம்மா இன்னும் அங்க இருக்கு?" என்றேன்.

அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து அழுதுவிட்டாள். "யாருக்கும் எடுக்க மனசு வரல அங்கிள். அலாரம் யார் யாருக்குப் போகணும்னு ஒவ்வொரு தடவை லிஸ்ட் போடும்போதும் மேடம் பேரைத் தாண்டிக் கீழே போயிடுவோம். ஃபர்ஸ்ட்ல மேடம் பேர் இருந்தா ஒரு தைரியம். திடீர் லீவும் நிறுத்திட்டோம். எதையும் ஆஃப் பண்ண பயம். மேடம் போனப்புறம் யாரும் லீவே எடுக்கல."

"நல்லா வளர்த்திருக்கா உங்களை" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

நம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். பட்டியலில் முதலில் உன் பெயர். அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் இனி இந்த வீட்டில் அந்த மணி அடிக்காது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. மதிய வெயிலில் வெளியே யாரோ ஜீப்பை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். திரும்பி வந்தபோதும் அம்பு அங்கேயே நின்றிருந்தது.

"எடுத்துடும்மா" என்றேன்.

எடுத்தாள். கீழே இருந்த அவள் பெயர் மேலே ஏறி உன் இடத்தில் உட்கார்ந்தது.

"உனக்கு அடுத்து யாரு?"

"இம்ரான், அங்கிள்."

"அவனுக்கு அடுத்து?"

"ஹவ் அங்கிள், ஆமா, மேடம் மாதிரியே கேக்கறீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே திடீர் லீவை மறுபடி ஆரம்பித்தார்கள். முதல் லீவு அவளுக்கு. ஒரு இயந்திரத்தையும் அணைத்தார்களாம். மறுநாள் என் போனுக்கு அவள் குரல் செய்தி வந்தது: "ஒண்ணும் ஆகல அங்கிள். எல்லாம் ஓடுச்சு. நான் யாருக்கும் தேவைப்படல. சந்தோஷமாவும் இருந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு." ஏரிக்கரையில் நீ சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அது எனக்கே இருக்கட்டும்.

அதன் பிறகு வீடு எப்படி இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வது? பீரியட் முடிந்தும் மணி அடிக்காத வகுப்பறை மாதிரி. எழுந்திருக்கவும் தோன்றாமல், உட்கார்ந்திருக்கவும் பிடிக்காமல். நாட்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, கறிவேப்பிலை வாங்கும்போது என் குரல் கரகரத்ததைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அப்போதுதான் உன் கேள்வியை என் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நான் ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தால், அடுத்து யாருக்கு மணி போகும்? மகனுக்கு அப்போது அங்கே இரவு. அத்தனை பெரிய மென்பொருளுக்கு மாற்று மேல் மாற்றாக வைத்துக் கட்டினாய். நம் வீட்டை மட்டும் உன் ஒருத்தி மேல் நிறுத்தியிருந்தாய். நானும் நிறுத்த விட்டேன்.

எதிர்வீட்டு யாதகிரியிடம் போனேன். ராணுவத்தில் தமிழ் ஆட்களோடு பல வருஷம் இருந்தவர், தன் பாணியில் தமிழ் பேசுவார் என்பது உனக்குத் தெரியும். "எட்டு மணிக்கு மேலயும் பேப்பர் என் வாசப்படியிலேயே கிடந்தா, வந்து மணி அடிக்கணும்" என்றேன்.

"நக்கோ மாஸ்டர் சாப், வேணாம்! நல்லா இருக்கிற ஆளு ஏன் இப்படிப் பேசறது?" என்று கையை உதறினார். பிறகு என்ன நினைத்தாரோ, "டீக் ஹை, சரி. ஆனா நான் ஊருக்குப் போயிருந்தா?" என்று அவரே கேட்டார். அந்தக் கேள்விக்காகவே உனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிருக்கும். அவர் இல்லாத நாளுக்குப் பிரிசில்லாவின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அதைச் சோதித்துப் பார்த்தேன். சொல்லாமல்தான். சொல்லிவிட்டு எடுத்தால் அது லீவு, சோதனை இல்லை என்பாயே. பேப்பர் வந்து விழுந்த சத்தம் கேட்டது. எடுக்கவில்லை. காபியைப் போட்டுக்கொண்டு கதவுக்கு உட்புறம் நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு ஆயிற்று. எதிர்வீட்டுக் கேட் திறந்தது. செருப்புச் சத்தம் தெருவோடு போனது. பால் வாங்கப் போகிறார், பார்க்கவில்லை என்று நினைத்தேன். காபி ஆறிவிட்டது. இந்த வயதில் என்ன விளையாட்டு என்று எழப்போனேன்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. நம் கேட் கிரீச்சிட்டது. செருப்பு வாசலில் வந்து நின்றது. மணி அடித்தது.

நான் உடனே எழவில்லை. எனக்காக ஒருவர் அடிக்கும் மணியைக் கேட்டு நாளாகிவிட்டது. இன்னொரு முறை அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அடித்தது. "மாஸ்டர் சாப்! மாஸ்டர் சாப்!" என்று கதவையும் தட்டினார்.

"இருக்கேன், இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போய்த் திறந்தேன்.