முதல்வர் போட்ட கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நான் படிக்கும் அலுவலக நிர்வாகப் படிப்பின் பயிற்சியாக, போன மாதக் கல்லூரிக் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். "இந்த வயசுல படிச்சு யாருக்கும்மா டைப் அடிக்கப் போறீங்க?" என்றார் முதல்வர். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

நேற்று அடுத்த கூட்டம். வழக்கப்படி முந்தைய குறிப்பை உரக்க வாசித்தேன். போன தடவை வராத கல்லூரிக் குழுத் தலைவரம்மாவும் கேட்டார். அவருக்கு அறுபது வயது.

"இதையுமா எழுதுவாங்க?" என்று முதல்வர் முணுமுணுத்தார்.

"ஒரு வார்த்தை விடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

குறிப்பில் இருப்பதெல்லாம் உண்மை என்று, கூட்ட முறைப்படி முதல்வரே கையெழுத்துப் போட்டார். வயிறு குளிர்ந்தது.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். கூட உங்கள் கையால் இரண்டு வரி எழுதி வையுங்கள். இங்கே எனக்கு வருவதெல்லாம் அச்சடித்த காகிதம்தான். மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகள்