மல்லிகாவின் கன்னம்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. ஷெட்டில் பிரைமர் காயவே பதினொரு மணி. புது லாரி பாடி, பின்கதவுக்குப் பெயிண்ட் முழுக்க என் பொறுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொம்மைப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றரை மாதத்தில் முதல் தடவை.

முடிவு செய்துவிட்டேன். அடுத்தது மல்லிகா.

அலமாரியில் இப்போது இருபத்திரண்டு பேர், முக்கால் சாண் உயரம். கடையில் வாங்கும்போது எல்லாரும் சண்டைக்காரர்கள். மார்பில் சின்னம், முதுகில் துணி, கையில் ஆயுதம். தேய்த்து, புட்டிப் பசை வைத்து, பெயிண்ட் அடித்து எனக்குத் தெரிந்த ஆட்களாக ஆக்கிவிடுவேன். டீ மாஸ்டர். லேத் பட்டறை அண்ணன். முட்டை வண்டி டிரைவர். பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா. எங்கள் முதலாளி (அவருக்குத் தெரியாது). பனியனுக்குள் எல்லா ஆண்களுக்கும் கட்டுடம்பு, அதை மட்டும் மாற்ற முடியவில்லை. மல்லிகா பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். "டீக்கடை அண்ணனுக்கு இத்தன கட்டா? அவரு சம்சாரம் பாத்தா சண்டைக்கு வந்துருமுங்க."

இன்னொன்றும் சொல்வாள். "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் செஞ்சாச்சு. கட்டுனவளுக்குத்தான் எடமில்ல."

இடமில்லாமல் இல்லை. பயம். மற்றவர்கள் முகம் கொஞ்சம் தப்பினால் யாருக்கும் தெரியாது. அவள் முகம் தப்பினால் எனக்குத் தெரியும்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாகவே ஒழுகியது. முகவாதம் என்றார்கள். கை காலுக்கு ஒன்றும் இல்லை. வலது கன்னம் தொங்கிவிட்டது, வலது கண் மூடுவதில்லை. இன்றோடு நாற்பது நாள். பழைய முகம் என் ஞாபகத்திலிருந்து போவதற்குள் செய்துவிட வேண்டும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

லீவு. சேலம், ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

பயிற்சி சொல்லித்தரும் பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். பொறுமையான பெண். "மாத்திரை முடிஞ்சுதுக்கா. இனி பயிற்சிதான். கண்ணாடி பாத்துத்தான் செய்யணும். பாக்காம செஞ்சா நல்ல பக்கமே எல்லா வேலையும் செஞ்சுரும், இது சும்மா இருந்துக்கும். நிமிந்துரும்க்கா. ஆனா தள்ளிப் போடாதீங்க."

கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள். செய்ய மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

தையல் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஜாக்கெட் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக அவளே பார்த்து வாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். நான் சவரம் செய்யும் சின்னக் கண்ணாடியையும் ஷெட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னேன். "பத்து நிமிஷந்தான் மல்லி. நானும் பக்கத்துல இருக்கறேன்."

"என்னைய உட்ருங்க. அந்த மூஞ்சிய நா பாக்க மாட்டேன்."

அந்த மூஞ்சி. என் மூஞ்சி என்று சொல்லவில்லை.

வாங்கியது: கண் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையில் ஒட்டும் டேப், உறிஞ்சு குழல். டீ குடித்தால் ஒழுகுகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது.

ஷெட்டுக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் வேலை. வாள் பிடித்த ஒரு சண்டைக்காரி பொம்மை. வெந்நீரில் போட்டுத் தலையைக் கழற்றியாகிவிட்டது. பூட்ஸைச் செதுக்கிக் கால் ஆக்கியாகிவிட்டது. வாள் இருந்த கையில் கத்தரிக்கோல். கொண்டைக்குப் புட்டி. சேலைக்கு அவள் வெட்டிப் போட்ட பச்சைத் துணி. பாக்கி: ஜாக்கெட் கை, முகம், கண்.

கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்துத் தெரு. கையில் துணிப்பை. "அக்கா ஊட்ல இல்லீங்களா? மாசிக் கலியாணத்துக்கு மூணு ஜாக்கெட்டு தைக்கணும்."

"அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியலீங்க."

உள்ளே போனால் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் ஓடவில்லை. நான் சொன்ன பொய் முழுக்கக் கேட்டிருக்கிறது. "நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

முகம். கல்யாண போட்டோவில் சின்னப் பெண். ரேஷன் கார்டில் யாரோ. போனில் தேடினால் எல்லாப் படத்திலும் அவள் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு. எடுத்தவன் நான்தான்.

பிறகு கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம். அப்போது உதடு ஒரு பக்கம் இறுகும். அது வந்தது. கன்னம் வந்தது. டீ கேட்டால் முறைக்கும் அந்தப் புருவம்கூட வந்தது. இத்தனை நாளில் நான் செய்ததில் இதுதான் நல்ல முகம்.

கண் இன்னும் வைக்கவில்லை. லாரிக்குப் பின்னால் திருஷ்டி பூதம் வரைந்தாலும் நாங்கள் கண்ணைக் கடைசியில்தான் வைப்போம். நாளை காலை வெளிச்சத்தில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போயிற்று.

பிரஷ் கழுவ ஷெட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டில் தின்னர் கொண்டுவந்திருந்தேன். பொம்மைக்கு அது ஆகாது. அதற்குத் தண்ணீரில் கரையும் பெயிண்ட்தான், தெரியும். ஆனால் கண் வைக்கக் குனிந்தபோது கன்னத்தில் தூசி. கை தானாகவே போய்விட்டது. துணியில் தின்னர், ஒரு துடைப்பு. பெயிண்ட் அடிக்கும் முன்னால் தகரத்தைத் துடைத்துத் துடைத்து இருபத்தாறு வருடக் கைப்பழக்கம்.

பிளாஸ்டிக் இளகி இடது கன்னம் கீழே இறங்கிவிட்டது. உதட்டின் ஓரமும் கூடவே. பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கி நின்றது.

அவளேதான். இப்போது இருக்கிற அவள். பக்கம் மட்டும் வேறு.

அழுதேன். ஞாயிற்றுக்கிழமை, வெளியே பால்காரர் மணி அடிக்கிறார், நான் பொம்மையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன்.

தூக்கிப் போட மனம் வரவில்லை. தையல் அறையில் பட்டன் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். அவள்தான் தைப்பதே இல்லையே, அதைத் திறக்க மாட்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

திறந்துவிட்டாள். என் ஷெட் சட்டையில் பட்டன் இல்லை என்று காலையிலேயே பார்த்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

சாயங்காலம் வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பொம்மை. காலில் விழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"ஜாக்கெட்டுக் கை ஏனுங்க இப்படி ஏறிக் கெடக்குது? நா இப்படியா தைப்பேன்?"

அவள் விரல் பொம்மையின் கன்னத்துக்குப் போனது.

"வேணும்னே மூஞ்சிய இப்படிச் செஞ்சீங்களா?"

"இல்ல மல்லி. சத்தியமா. உன்ற பழைய மூஞ்சியத்தான் செஞ்சேன். தின்னர் பட்டுருச்சு."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பக்கம் தப்பு. எனக்குச் சோத்தாங்கைப் பக்கம்."

அவள் சொன்னது சரி. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் வாயில் வந்தது வேறு. "இல்லியே. பீச்சாங்கைப் பக்கந்தான்."

"என்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"நீ எங்க பாத்த?"

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்படிப் பேசுகிறவன் இல்லை நான். அவள் என்னையே பார்த்தாள். பொம்மையை எடுத்துக்கொண்டு எழுந்து தையல் அறைக்குப் போனாள். கண்ணாடியின் மரக்கால் தரையில் இழுபடும் சத்தம்.

கதவுக்கு வெளியே நின்றேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, போய் அணைத்துவிட்டு வந்தேன்.

பிறகு: "ஏனுங்க. இங்க வாங்க."

கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. வலது கன்னத்தில் ஒரு விரல். அந்தக் கண்ணில் நீர் வழிந்தது, அது எப்போதும் வழியும் கண்தான். இடது கண்ணிலும் வழிந்தது.

"பாத்துச் சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

"நீ சொன்னதுதான் மல்லி. நாந்தான் தப்பு."

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி இல்லை. கண்ணாடி நேற்றுத் திரும்பினபடியே நிற்கிறது.

காலை ஆறரை. ஆ பத்து தடவை, ஈ பத்து, ஊ பத்து. "ஈ" சொல்லும்போது இடது பக்கம் மட்டும் போகிறது. அவளே விரலால் வலது உதட்டை இழுத்து வைத்துக்கொண்டு திரும்பச் சொல்கிறாள்.

எனக்கு உத்தரவு: பொம்மையைச் சரியாகச் செய்ய வேண்டும். ஜாக்கெட் கையை அவளே பிரித்து வைத்துவிட்டாள். கண் இப்போது வைக்கக் கூடாதாம். "மொதல்ல என்ற கண்ணு மூடட்டும். அப்புறம் வெக்கலாம்."

இடது கன்னத்தைப் புட்டி வைத்து நிமிர்த்தினேன். அடுத்தது வலது, அதை இறக்க வேண்டும். பொம்மைக்குத் தெரிந்தே தின்னர் தொட்டது இதுதான் முதல் தடவை. குச்சி நுனியில் பஞ்சு, ஒரே சொட்டு.

கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "கொஞ்சமா உடுங்க. ரொம்பச் சரிச்சராதீங்க. நிமிந்துரும்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குதுல்ல."

கன்னத்தில் வைத்தேன். ஒன்று, இரண்டு. எடுத்துவிட்டேன்.