தோளுக்கேற்ற துப்பாக்கி

1996 செப்டம்பர் 14

டாக்டர் இன்று தோளைத் திருகிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு போர், அதாவது பெரிய குழல் துப்பாக்கியை இனிமேல் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். சுட்டால் உள்ளே தைத்ததெல்லாம் பிரிந்துவிடும்.

ஊரில் கேட்பவர்களிடம் மூட்டை தூக்கும்போது தோள் போய்விட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தானியக் கிடங்கின் எடைமேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் எந்த மூட்டையைத் தூக்கினான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நல்ல ஜனங்கள். உண்மை இங்கே மட்டும்: பிப்ரவரியில் வீட்டுச் செருப்போடு குப்பை கொட்டப் போனேன். படியில் பனி உறைந்திருந்தது. தொட்டியைக் கட்டிப்பிடித்தபடியே விழுந்தேன். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 15

டெல்மர் போன் செய்தார். என் மனைவி மார்லிஸின் அண்ணன், எங்கள் மான் வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவர். அவர் மனைவி இறந்த அன்றுகூட அவர் குரல் இவ்வளவு இரக்கமாக இருந்ததில்லை.

"ஓரின் மாப்ள, துப்பாக்கி பிடிக்க முடியலன்னா கூச்சப்படாம சொல்லிரு. லாரி ஓட்ட ஆள் வேணும்."

லாரியா! பாதிப் பேர் காட்டுக்குள் நடந்து மானைக் கலைப்பார்கள், பாதிப் பேர் அது வெளியே வரும் இடங்களில் காத்து நிற்பார்கள். நடப்பவர்களை ஒரு பக்கம் இறக்கிவிட்டு, மறுபக்கம் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் லாரிக்காரன். கடைசியாக அந்த வேலை பார்த்த இங்வால்டுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்தது.

என் இடம் ஓடைமுனை. தலையில் முடி இருந்த காலத்திலிருந்தே என் இடம். நல்ல மானெல்லாம் அங்கேதான் இறங்கும். "மச்சான், நான் சின்ன துப்பாக்கி வாங்கப் போறேன்" என்றேன்.

"வாங்கு. எல்லாரையும் போல ஐம்பது கெஜத்துல காகிதத் தட்டுல மூணு குண்டு போடு. மூணும் தட்டுல இருந்தா ஓடைமுனை உன்னுது. ஒண்ணு வெளிய போனாலும் லாரிச் சாவி."

செப்டம்பர் 21

லவோனின் துப்பாக்கிக் கடை. போவதற்கு முன்பே மூன்று பத்திரிகைகளை வரிவரியாகப் படித்து முடிவும் எடுத்திருந்தேன்: நானூற்றுப் பத்து என்ற ஒல்லிக் குழல் துப்பாக்கி. கையில் எடுத்தால் குடை மாதிரி இருக்கிறது, சுட்டால் தோளுக்குச் சேதியே போகாது.

லவோன் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தாள். "அண்ணே, இது முயலுக்கு. மானுக்கு இதை எடுத்துட்டுப் போனா நம்ம மாநிலத்துல சட்டம் ஒத்துக்காது. சட்டம் ஒத்துக்கிட்டாலும் மான் ஒத்துக்காது. இருபதுக்குக் கீழ இறங்காதீங்க."

கீழே என்றால் எண்ணில் மேலே. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும், நானூற்றுப் பத்துக்கு மட்டும் வேறு கணக்கு. இதை வகுத்தவனும் தோளில் அடிபட்டவனாகத்தான் இருக்க வேண்டும்.

இருபது போரில் இரண்டு காட்டினாள். ஒன்று கனம்; கையை நீட்டிப் பிடித்தால் தோள் அழுதது. இன்னொன்றில் தோளில் பதியும் மரக்கட்டை குட்டை. கன்னத்தோடும் தோளோடும் அளவெடுத்துத் தைத்தது போல வந்து உட்கார்ந்தது. சந்தோஷத்தோடு பெட்டியைப் பார்த்தேன். பெட்டிமேல் முன்பல் விழுந்த ஒரு பையன் அதே துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 5

கடையிலேயே விலை உயர்ந்த குண்டு வாங்கினேன். பிளாஸ்டிக் உறை போட்டு, ராக்கெட் மாதிரி இருக்கும். நம் கொட்டகைக்குப் பின்னால், மண் மேட்டுக்கு முன் தட்டை மாட்டிச் சுட்டேன். தட்டில் ஒன்றும் இல்லை. தட்டு ஒட்டியிருந்த அட்டையிலும் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் அட்டையைத் தாங்கிய கம்பைத் தொட்டிருந்தது, அதுவும் பக்கவாட்டில்.

துப்பாக்கி சரியில்லை. லவோனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். அபாரமாக இருந்தது.

அக்டோபர் 7

ஒத்திகையில் முதல் வரியைத் தாண்டவில்லை. குண்டுப் பெட்டியைப் பார்த்ததுமே லவோன் கல்லாவில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"இது உள்ள முறுக்கு வரி வெட்டுன குழலுக்கு. உங்களோடது வழவழக் குழல். அதுல போட்டா குட்டிக்கரணம் அடிச்சுக்கிட்டுத்தான் போகும். பெட்டியிலேயே சிவப்பு எழுத்துல போட்டிருக்கே அண்ணே?"

போட்டிருக்கிறது. மூன்று பத்திரிகை படித்தவன் ஒரு பெட்டியைப் படிக்கவில்லை. தன் உடம்பிலேயே வரி போட்ட சாதாரண ஈயக் குண்டு கொடுத்தாள். பாதி விலை.

அக்டோபர் 12

புதுக் குண்டு. ஒன்று தட்டில், இரண்டு வெளியே. மறுபடியும் அதேதான்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மார்லிஸ் வந்து நின்றாள். "தப்பு துப்பாக்கி மேலயா உங்க மேலயான்னு பாத்துரலாம். குடுங்க இப்படி."

சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு வாத்து சுட்டவள். அதற்குப் பிறகு நான் பார்த்து இவள் துப்பாக்கி தொட்டதே இல்லை. மூன்று சுட்டாள். மூன்றையும் ஒரு காபி சாசரால் மூடிவிடலாம்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணிக்குத் திரும்பிவிட்டாள்.  இதைவிட அடித்திருக்கலாம்.

அக்டோபர் 13

தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுடப் போகவில்லை. தோள் வலிக்கவில்லை.

அக்டோபர் 27

மார்லிஸ் ஒரு யோசனை சொன்னாள்: "நான் தோட்டா போட்டுத் தரேன். நீங்க பாக்காதீங்க."

முதல் இரண்டு வெடித்தன. மூன்றாவது— க்ளிக். சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாவைப் போட்டிருக்கிறாள், கிராதகி. வெடியும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் நான்? கண் இறுக மூடியிருக்கிறது, தோள் பின்னால் இழுத்திருக்கிறது, குழல் முனை என் பூட்ஸ் அருகே தரையைப் பார்க்கிறது.

"அது உங்கள உதைக்கவே இல்லீங்க. நீங்களே உதைச்சுக்கிட்டீங்க."

ஆக, வாங்க வேண்டியது சின்ன துப்பாக்கி இல்லை. வேறு ஓரின். அது எந்தக் கடையில் கிடைக்கும்?

நவம்பர் 17

தினமும் பழகுகிறேன். சில நாள் தட்டு, சில நாள் மண் மேடு. மார்லிஸும் கூடவே சுடுகிறாள், "ஒத்துப் பாக்க" என்கிறாள். ஒத்துப் பார்க்க இத்தனை குண்டா?

டிசம்பர் 1

டெல்மர் வீட்டுக் கொல்லையில் தட்டுச் சோதனை. மார்லிஸும் கூட வந்தாள். உறையிலிருந்து என் துப்பாக்கியை எடுத்ததும் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"மாப்ள, இது கூட பொம்மை கரடி குடுத்தாங்களா?" என்றார் டெல்மர். எங்கள் கூட்டத்து விர்ஜில் தன் பங்குக்கு, "ஓரினுக்கு மத்தியானம் தூங்க நேரம் விடணும்" என்றான். நானும் சிரித்தேன். இந்தக் கூட்டத்தில் சிரிக்காதவனை விடமாட்டார்கள்.

முதல் குண்டு தட்டு. இரண்டாவது தட்டு. மூன்றாவது— ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. கிழிந்தாலும் தட்டு தட்டுதான் என்றார் டெல்மர். முதுகில் தட்டினார்கள், நல்லவேளை நல்ல தோள் பக்கம். ஓடைமுனை என்னுடையது.

வீடு வந்ததும் மார்லிஸ் துப்பாக்கியைத் துடைத்து வைத்தாள். 

டிசம்பர் 2

மூன்றாவது குண்டின்போது என் கண் மூடியிருந்தது. முழுசாக. தட்டு அங்கே இருந்தது தற்செயல்.

போன வருஷம் விர்ஜில் வயிற்றில் சுட்ட பெட்டை மானை இருட்டும்வரை அறுத்த சோளக்காட்டுக்குள் தேடினோம். அது கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஓடைமுனையில் நான் நின்றால் அதையேதான் செய்வேன். தட்டுக்குக் குடல் இல்லை. மானுக்கு இருக்கிறது.

காலையில் காபி ஊற்றும்போது மார்லிஸிடம் சொன்னேன். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும். எல்லாரும் தட்டைப் பாத்தாங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன்."

"ஓடைமுனையில நீ போய் நில்லேன்" என்றேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்ததும் ஒரு பாரம் இறங்கியது. "ஆனா லைசென்ஸ்—"

"அக்டோபர்லயே எடுத்துட்டேன்."

அக்டோபரிலேயே! ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "முப்பது வருஷமா டிசம்பர் வந்தா எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக் குடுத்து வாசல்ல நின்னு கையாட்டுறேன். நீ வரியான்னு அண்ணனும் கேக்கல, நீங்களும் கேக்கல. நானா எப்படிங்க கேப்பேன்?"

வெட்கமாக இருந்தது. குப்பைத் தொட்டியோடு விழுந்ததைவிட வெட்கம்.

டிசம்பர் 3

டெல்மருக்குப் போன் செய்தேன். மார்லிஸ் என் இடத்தில் நிற்பாள் என்றேன். "பொம்பளைங்க வந்ததில்லையேப்பா" என்றார்.

"பொம்மைத் துப்பாக்கியும்தான் வந்ததில்ல, மச்சான்."

"தட்டுன்னா தட்டுதான். எந்தங்கச்சிங்கிறதுக்காக ஒரு அங்குலம் கூடத் தரமாட்டேன்."

டிசம்பர் 4

தரத் தேவைப்படவில்லை. மார்லிஸ் மூன்று குண்டு போட்ட தட்டை டெல்மர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு லாரிச் சாவியை என் பக்கம் எறிந்தார்.

டிசம்பர் 7

வேட்டை முதல் நாள். நான் லாரியில். ஹீட்டர், வானொலி, ஒரு பை நிறைய கடலை. இவ்வளவு வசதியான உத்தியோகத்தை இங்வால்டு ஏன் ரகசியமாக வைத்திருந்தார்?

பத்து மணி வாக்கில் ஓடைமுனையிலிருந்து ஒரே ஒரு வெடி. கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றேன். பனியில் கால் விறைத்தது. என் முதல் மானுக்குக்கூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

கலைத்து வந்தவர்களோடு அவளும் மேடேறி வந்தாள். ஆரஞ்சுத் தொப்பி கோணல், மான் எதுவும் இல்லை. அவள் பக்கம் வந்தது பெரிய கிளைக்கொம்பு ஆண்மான். குண்டு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டது. டெல்மர் வேலிக்கு அப்பால் வெகுதூரம் குனிந்து தேடியிருக்கிறார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சுத்தமான தவறு.

"அது வேலி தாண்டுன அழகுல ரெண்டாவது குண்டு போடவே மறந்துட்டேன்" என்றாள், யாருக்கோ கல்யாணம் நடந்தது போல.

தவறவிட்டவர் சட்டையின் பின்னால் தொங்கும் வாலை வெட்டிப் பெயரெழுதி டெல்மரின் கொட்டகைச் சுவரில் ஆணியடிப்பது எங்கள் வழக்கம். டெல்மர் கத்தியை எடுத்துவிட்டுத் தயங்கினார். விர்ஜில் பூட்ஸைப் பார்த்தான். மார்லிஸ் தானே திரும்பி நின்று கோட்டைத் தூக்கிக்கொண்டாள். "என்ன அண்ணே பாத்துக்கிட்டே நிக்கிறே? விர்ஜிலுக்கு வெட்டுனதை விடப் பெருசா வெட்டு."

ஒரே ஆரவாரம். அப்போதுதான் கவனித்தேன். குளிருக்காக அவள் உள்ளே போட்டிருந்தது என்னுடைய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. என்னிடம் இருப்பதிலேயே நல்ல சட்டை. தவறவிட்டது அவள், வால் போனது எனக்கு.

வீட்டில் சில்லிக் கறிக்குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், ஓடையின் எந்தக் கரையில் நிற்பது என்று விடாமல் பேசினாள். பிறகு துப்பாக்கியைத் துடைத்து, தன் பக்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அடுத்த வருஷத்துக்கு நீங்க வேற ஒண்ணு பாருங்க. இது எனக்குப் பழகிருச்சு."

சரி என்றேன். லவோனிடம் இந்த முறை பெட்டியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். அதற்கு அவசரமில்லை, காலையில் லாரியை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டும், ஓடைமுனைக்காரி குளிரில் ஏறக் கூடாது.