ஒரே காரில் இரண்டு பிள்ளைகள்

பிப்ரவரி 4, 2019, திங்கள்

காலையில் மழையும் பனியும் கலந்து கொட்டியது. கார் கண்ணாடியைச் சுரண்டியே விரல் மரத்துப் போனது. முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் இன்றும் நானும் கானியும் மட்டும்தான். இருபத்திரண்டு கிழங்களுக்கு இரண்டு பேர். குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

பத்தொன்பது வருடமாக இப்படித்தான். அவள் வெள்ளை, நான் கறுப்பு. பாதிக் கிழவிகளுக்கு எங்கள் பெயர் மாறி மாறித்தான் வரும். "என்னை வெர்னெட்னு கூப்பிடறாங்கடி, கண்ணாடி போட்டா போதுமா, மூளைக்கு என்ன போடறது?" என்று கானி சிரிப்பாள். மகன் ட்ராவிஸ் போன பிறகு அவள் சிரிப்பதே அபூர்வம். இன்று சிரித்தாள்.

அறிவிப்புப் பலகையில் புதுத் தாள். வியாழக்கிழமை எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு. தலைப்பு, நிறச் சலுகை. வெள்ளையாகப் பிறந்ததால் கேட்காமலே கிடைப்பது என்று கீழே விளக்கம்.

"எனக்குக் கிடைச்சதை எங்க வெச்சேன்னு தெரியலையே, வீட்ல தேடிப் பார்க்கணும்," என்றாள் கானி.

நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 7, வியாழன்

மனம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

வகுப்பு நடத்தத் தலைநகரிலிருந்து ப்ரூக் என்று ஒரு பெண் வந்திருந்தாள். வெள்ளைக்காரி, முப்பது வயது இருக்கும். சாப்பாட்டு அறையில் மேசைகளை ஒதுக்கி எங்கள் நாற்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினாள். நல்லது நடந்திருந்தால் ஒரு அடி முன்னால், கெட்டது நடந்திருந்தால் ஒரு அடி பின்னால். அப்பா அம்மா கல்லூரி போனவர்களா? பசியோடு படுத்ததுண்டா? வீட்டில் அடிவிழுந்ததுண்டா?

என் அப்பா தபால்காரர், ஒழுங்கான மனிதர். நான் நடுவில் நின்றேன். கானியின் அப்பா குடித்தே செத்தவர். அவள் பின்னால் போய்ப் போய் சுவரில் முதுகு முட்டி நின்றாள். போலீஸ் நிறுத்தும்போது உயிருக்குப் பயந்ததுண்டா என்று கேட்டபோது மட்டும் நான் ஒரு அடி பின்னால் போனேன், அவள் அசையவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்றது எங்கள் மேலாளர் ஹாஸ்கெல்.

ப்ரூக் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே கானியிடம் போனாள்.

"நீங்க பின்னால நிக்கலாம். ஆனா உங்க தோலும் உங்களுக்கு ஏதோ கொடுத்திருக்கு. அது என்னன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"வெயில்ல போனா கொப்புளம் கொடுக்குதுங்க."

எல்லோரும் சிரித்தோம். ப்ரூக் சிரிக்கவில்லை. "சிரிச்சு மழுப்பறதும் அந்தச் சலுகையில ஒரு பகுதிதான்," என்றாள்.

கானிக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் பையனைப் புதைச்சுப் பதினாலு மாசம் ஆகுதுங்க. இருபத்து மூணு வயசு. போதை ஊசி கையில இருந்தபடியே கிடந்தான். எனக்குக் கிடைச்ச சலுகை எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா இந்தக் கண்ணீர் கவனத்தை உங்க பக்கம் திருப்பிடுது. வெர்னெட் மாதிரி ஒருத்தர் என்ன பட்டிருக்காங்கன்னு கேட்போமா?"

நாற்பது முகங்கள் என் பக்கம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் கதையை அவளுக்கு எதிராக நீட்டாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றது — வந்துவிட்டது. ஆற்றோரச் சாலையில் போலீஸ் நிறுத்திய காரைப் பற்றிச் சொன்னேன். ஓட்டியது கானியின் ட்ராவிஸ். பக்கத்தில் என் கீயன். கீயன் காலடியில் ஒரு பை, உள்ளே போதைப்பொருள். இருவருக்கும் அப்போது இருபத்தொன்று. இருவர் மேலும் அதற்கு முன் ஒரு வழக்குகூடக் கிடையாது. ட்ராவிஸை, 'பாவம், நோயாளி' என்று சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். கீயனை, 'விற்கிறவன்' என்று ஐந்து வருடம் உள்ளே போட்டார்கள்.

"அதுதான் சலுகை," என்றேன். கானியின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

ப்ரூக் நன்றி சொல்லிவிட்டு அதைப் பலகையில் எழுதினாள். என் பிள்ளையின் ஐந்து வருடத்தைப் பச்சை மையில் எழுதினாள்.

கானி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. பின் ஏன் சோறு இறங்கவில்லை?

பிப்ரவரி 8, வெள்ளி

கானி வரவில்லை. மாற்று ஆளும் தரவில்லை. இருபத்திரண்டு பேர், நான் ஒருத்தி.

பிப்ரவரி 12, செவ்வாய்

மாடிக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்று போன மாதமே மனு எழுதி முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தோம். இன்று கூட்டத்தில் கேட்கிறேன் என்றார் ஹாஸ்கெல். படிக்க வேண்டியது கானி. நல்ல கணீர்க் குரல் அவளுக்கு. இரண்டு வரிதான் படித்திருப்பாள், ஹாஸ்கெல் கையைத் தூக்கினார்.

"கானி, போன வாரம் கத்துக்கிட்டதை யோசிச்சுப் பாருங்க. எப்பவும் உங்களை மாதிரி ஆளுங்க குரல்தான் பெருசா கேட்குது. கொஞ்சம் உட்கார்ந்து மத்தவங்க பேசறதைக் கேட்கலாமே. வெர்னெட், உங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்லைதானே?"

சொல்கிற அவர் யார்? அன்று வரிசையில் எல்லோரையும் தாண்டி சன்னல் வரை போய் நின்றவர்!

"குறை இருக்குங்க," என்றேன். "அந்த மனுவுல என் பேரு மூணாவதா இருக்கு. அவ படிச்சா என்ன, நான் படிச்சா என்ன, கேட்கறது மூணாவது ஆள்தான். அதுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?"

கவனத்தில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தார். கூட்டம் முடிந்தது. கானி தாளை எட்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததற்கு என்ன பெயர் என்றே தெரியாமல் இருந்தேன். சலுகை என்ற அந்த வார்த்தை கிடைத்தபோது, நான் பைத்தியம் இல்லை, நடந்தது நடந்ததுதான் என்று நிம்மதியாக இருந்தது. அதையே எடுத்து இந்த ஆள் ஒரு ஏழைப் பெண்ணின் வாயில் அடைக்கிறார். வேலைக்கு ஆள் கேட்டால் தோலைப் பார் என்கிறார்.

யாரிடம் கற்றார்? ப்ரூக்கிடமா? வியாழக்கிழமை நானும்தான் செய்து காட்டினேன்.

பிப்ரவரி 13, புதன்

மூன்று மணிக்கு வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கானியை மறித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

"அத்தனை பேர் முன்னாடி நான் சொல்லியிருக்கக் கூடாதுடி."

"தனியா சொன்னா மட்டும் சரியாயிடுமா? உன் பையன் உசிரோட இருக்கான் வெர்னி. சனிக்கிழமையானா போய்ப் பார்க்கிற, கையைப் பிடிச்சுக்கிற. நான் எங்க போய்ப் பிடிக்கறது?"

"ட்ராவிஸ் போனதை நான் குறைச்சுச் சொல்லலையே."

"சொன்ன! சலுகைன்னு சொன்ன. அவனை வீட்டுக்கு விட்டாங்களே, அந்தச் சலுகைதான்டி அவனைக் கொன்னுச்சு. உள்ள போட்டிருந்தா இன்னிக்கு உசிரோட இருந்திருப்பான்."

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா ஒரே காருக்குள்ள இருந்த ரெண்டு பேருல ஒருத்தனுக்குக் கதவைத் திறந்தாங்க, ஒருத்தனுக்குப் பூட்டினாங்க. அதுக்கு என்ன பேரு வெக்கச் சொல்ற? பையை வெச்சிருந்தது என் பையனாவே இருக்கட்டும்—"

"அது உன் பையனோடது இல்ல."

மெதுவாகச் சொன்னாள். பிறகு என் கார் மேலேயே சாய்ந்துகொண்டாள்.

"ட்ராவிஸோடது. போலீஸ் விளக்கைப் பார்த்ததும் கீயன் பக்கம் தள்ளிவிட்டிருக்கான்."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மறுநாள்ல இருந்து. அவனே அழுதுட்டு வந்து சொன்னான். உள்ள போனா செத்துடுவான்னு நினைச்சேன் வெர்னி. பேசாம இருடான்னு சொன்னேன். யாரும் என்கிட்டக் கேட்கவும் இல்ல."

"அவன் போனதுக்கப்புறம்? பதினாலு மாசம்?"

"நல்ல பையன்ங்கற பேரு ஒண்ணுதான் அவனுக்கு மிச்சம் இருந்துச்சு. அதையும் எப்படிடி எடுத்துக் கொடுப்பேன்?"

ட்ராவிஸின் சவ அடக்கத்தன்று இவளை நான்தான் தாங்கிப் பிடித்திருந்தேன். என் தோளில் முகம் புதைத்து அழுதாளே — அப்போதும் தெரியும் அவளுக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் "கீயன் நல்லா இருக்கானா?" என்று கேட்டாளே, அப்போதும் தெரியும்!

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

என்னை முதல் மாடிக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 16, சனி

கீயனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும்மா. தள்ளும்போது பார்த்துட்டுதான் இருந்தேன்."

"ஏண்டா சொல்லல?"

"அவனுக்கு அப்ப உடம்பு ரொம்ப மோசம்மா. எனக்கும் அதான் முதல் தடவை. அவனை விட்ட மாதிரி என்னையும் விட்டுருவாங்கன்னு நினைச்சேன்."

"அப்புறமாவது?"

"அப்புறம் வக்கீல் குற்றத்தை ஒத்துக்கோ, இல்லன்னா பத்து வருஷம்னார். அந்த நேரத்துல அவனோடதுன்னு சொன்னா யாரு நம்புவா?" நான் கிளம்பும்போது, "கானி ஆன்ட்டிகிட்டக் கத்தாதம்மா," என்றான்.

போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படி 'சார்' போட வேண்டும், எல்லாம் பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்தேன். ட்ராவிஸுக்கு நடப்பது உனக்கு நடக்காது என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதி நாள் கானி வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 27, புதன்

கீயனுக்கு அரசு கொடுத்த வக்கீலைப் பார்த்தேன். ட்ராவிஸின் அம்மா சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், மீதித் தண்டனையை ரத்து செய்யும்படி நீதிபதியிடம் கேட்கலாமாம். "அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க," என்றார், ஏதோ பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்பது போல.

கானியின் தெருவில் இரண்டு தடவை போய் வந்தேன். விளக்கு எரிந்தது. நிறுத்தவில்லை. என் பிள்ளைக்காக அவளிடம் கெஞ்ச வேண்டுமா நான்? வேண்டும். அவன் வெளியே வர வேண்டும் என்றால் வேண்டும். ஆனாலும் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

மார்ச் 11, திங்கள்

வக்கீல் கூப்பிட்டார். "நீங்க அனுப்பி வெச்சீங்களா?" என்றார். இல்லை. கானி வெள்ளிக்கிழமை தானாகவே போயிருக்கிறாள். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மதியம் போய்ப் படித்தேன். சலுகை என்ற சொல் எங்கேயும் இல்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'என் மகன் பொய் சொன்னான், நம்பினார்கள். நான் பேசாமல் இருந்தேன், அதையும் நம்பினார்கள். கீயனை மட்டும் யாரும் எதுவும் கேட்கவே இல்லை.'

அந்தச் சொல்லுக்கு இதைவிடச் சரியாக நானும் அர்த்தம் சொன்னதில்லை, ப்ரூக்கும் சொன்னதில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் மேல் உள்ள கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

மே 21, செவ்வாய்

விசாரணை. கானி தேவாலயத்துக்குப் போடும் நீல உடுப்பில் வந்திருந்தாள். இளைத்துவிட்டாள். உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்ததிலிருந்து கூடப்பிறந்தவர்களில் ஒரு தங்கையைத் தவிர யாரும் பேசுவதில்லையாம். வாசலில் அவள் அண்ணனே எல்லோர் காதிலும் விழும்படி, "செத்த பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவ," என்றான்.

"இத்தனை நாள் கழிச்சு ஏன் சொல்றீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"இனிமே காப்பாத்தறதுக்கு எனக்கு யாரும் இல்லைங்க, ஐயா. அதான் உண்மையான காரணம். நல்ல மனசுன்னு நினைச்சுக்காதீங்க."

கீயனை விடுவிக்க உத்தரவு ஆயிற்று. இரண்டு வாரத்தில் வந்துவிடுவான்.

வெளியே நடைபாதையில் "வெர்னி" என்று ஒரு குரல். ஒரு தடவைதான் கூப்பிட்டாள். நான் நடந்துகொண்டே இருந்தேன்.

ஜூன் 7, வெள்ளி

கீயன் வீட்டில்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்டான். "உன் வீடுடா," என்றேன். "சரிங்க," என்றான். பெற்ற அம்மாவிடம், சரிங்க. ஷூவைக் கழற்றாமலே சோபாவில் தூங்குகிறான். இருபத்து நான்கு வயதுக்கு நெற்றியில் இத்தனை கோடா?

இரண்டாம் மாடியில் கானி வேலையை விட்டுவிட்டாளாம். மூன்றாவது ஆள் வரவில்லை. இரண்டாவது ஆளும் போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

கென்டக்கி மாநிலத்தில் அந்தத் தங்கை வீட்டோடு போய்விட்டாளாம் கானி. இன்று தேவாலயத்தில் பழைய சக ஊழியர் ஒருத்தி சொன்னாள். கேட்காமலே முகவரியும் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கீயனிடம் சொன்னேன். போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் எழுதினான். என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை.

பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினான். கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தான்.

"ரெண்டு வரி நீயும் எழுதேம்மா."

பேனாவை வாங்கிக்கொண்டேன். நன்றி என்று எழுதலாம். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று எழுதலாம். அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னதற்கு மன்னித்துவிடு என்று எழுதலாம், அதை இன்னும் நான் கேட்கவே இல்லை. மூன்றும் உண்மை. எதை முதலில் எழுதினாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும் போலிருந்தது.

கீயன் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்க நன்றாகப் பழகியிருக்கிறான்.

தாளை அப்படியே மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். மேலே அவள் முகவரியை மட்டும் என் கையால் எழுதினேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.