பின்னட்டையிலிருந்து படிக்கவும்

அப்பா,

சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். அவர் வந்து போகும்வரை வெளியே கிளம்பிவிடாதீர்கள்.

"முப்பது வயசாச்சு, இன்னும் என்ன பொம்மைப் புத்தகம்?" என்று நீங்கள் கேட்டதிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இன்று காலை என் ரோபோ காமிக்ஸின் மூன்றாம் பாகத்துக்குள் உங்கள் மூக்குக்கண்ணாடி இருந்தது. கண்ணாடியை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்றிலிருந்து ஆரம்பித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் இந்த வருடம் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தவற்றை மேஜையில் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். முதலில் ரோபோ கதை. அதைப் பின்னட்டையிலிருந்துதான் புரட்ட வேண்டும். அச்சுப் பிழை இல்லை, அது வந்த நாட்டில் வலமிருந்து இடமாகப் படிப்பதுதான் வழக்கம். அடுத்தது விண்கலத்தில் சமைக்கும் பெண்ணின் நாவல். அவளும் உங்களை மாதிரி யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். டிராகன் புத்தகம் தலையணை கனம்தான், ஆனாலும் பாதியைத் தாண்டிவிட்டால் கதை பறக்கும்.

தேநீர்க் கோப்பையை மட்டும் அவற்றின் மேல் வைக்காதீர்கள்.

பி.கு.: ரோபோ கதையின் கடைசிப் பாகத்தை என் பையில் எடுத்துப் போகிறேன். அதில் ஒரு சாவு வருகிறது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். நான் வந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.